ஜாஸ் ஆல்பத்துக்குள் என் ஆதி தாளம்

கச்சேரி நடந்து ஆறு மாதம் கழித்து எழுதுகிறேன். கைக்குழந்தை உள்ளவர்கள் தாமதத்தை மன்னித்துவிடுவார்கள். 2010 பிப்ரவரி, ஒரு சனிக்கிழமை. மகள் மீராவுக்கு அப்போது ஏழு மாதம். தடுப்பூசி போடுவதைத் தவிர வேறெதற்கும் நான் வீட்டைவிட்டு வெளியே வராத ஏழு மாதம். பஞ்சாரா ஹில்ஸில் சாக்ஸபோனும் செல்லோவும் மட்டும் வாசிக்கும் ஃப்ரீ ஜாஸ் கச்சேரி, அதை நேரடி ஆல்பமாகவே பதிவு செய்யப்போகிறார்கள் என்று மின்னஞ்சல் வந்தது. கணவருக்கு அன்று ஆபீஸ். குழந்தையோடு தனியாக ஓர் இடத்துக்குப் போய்வர என்னால் முடியுமா? அதைத் தெரிந்துகொள்ளத்தான் கிளம்பினேன்.

வீட்டருகே லோத்குண்டாவில் 3.50க்கு ஆட்டோ. 16 கி.மீ., 55 நிமிடம், 130 ரூபாய். ஓட்டியவர் செகந்திராபாத் ரயில்வே காலனித் தமிழர். பால் புட்டி இருக்கிறதா என்று நான்காவது முறையாகப் பையைத் திறந்தபோது கண்ணாடியில் பார்த்துவிட்டார்.

"கைக்கு மா இத்தன டென்ஷன்? பாப்பா ஜம்முனு தூங்குது. நீங்கதான் அழுதுருவீங்க போல." (‘கைக்கு’ என்றால் இந்த ஊர்ப் பேச்சில் ‘எதுக்கு’.)

டிக்கெட் 200 ரூபாய். குழந்தை சிணுங்கினால் உடனே வெளியே வந்துவிட வேண்டும் என்று வாசலில் சொல்லித்தான் விட்டார்கள். கதவோரம் ஜமுக்காளத்தில் உட்கார்ந்தேன். பக்கத்தில் முழங்கால் உயரத்தில் ஒரு மைக் நின்றிருந்தது. அதை நான் கவனிக்கவில்லை.

5.30க்குத் தொடங்கியது. சாக்ஸபோன் செருமியது, சீறியது. செல்லோ அதற்குப் பிடிகொடுக்காமல் வேறெங்கோ போனது. தாளம் என்று ஒன்றுமே கிடையாது. மீரா விழித்து உதட்டைப் பிதுக்கினாள். பயத்தில் அவள் முதுகைத் தட்டிக்கொடுக்க ஆரம்பித்தேன். எட்டு வருடம் பாட்டு வகுப்புக்குப் போன கை, தன்னால் ஆதி தாளம் போட்டது. அவள் மறுபடி தூங்கிவிட்டாள். நான் விடவில்லை.

முதல் உருப்படி முடிந்ததும் ஒலிப்பதிவுக்காரர் வந்து, இங்கே எதைத் தட்டினீர்கள் என்று தெலுங்கில் கேட்டார். அவருடைய ஹெட்ஃபோனை மாட்டிக் கேட்டேன். தப், தப், தப். எல்லாம் என் கைதான். ஆல்பத்தைக் கெடுத்துவிட்டேன் என்று பையை எடுத்துக்கொண்டு எழுந்தேன். செல்லோ வாசித்த பெண்மணியும் வந்து ஹெட்ஃபோனை வாங்கிக் கேட்டார்.

"உட்காருங்கள். மைக்கைத் தள்ளி வைத்துக்கொள்கிறோம்," என்றார் ஆங்கிலத்தில். "தட்டுவதை நிறுத்திவிடாதீர்கள். அப்புறம் இவள் வாசிக்க ஆரம்பித்துவிடுவாள்," என்று மீராவைக் காட்டினார்.

போன வாரம் சிடி வந்தது. அழித்திருப்பார்கள் என்று நினைத்திருந்தேன், இல்லை. ஒன்பதாவது நிமிடத்திலிருந்து என் தட்டல் மெல்லக் கேட்கிறது. ஓரிடத்தில் அது நின்றுபோகிறது. அழுதிருப்பாளோ என்று பதறி, மறுபடி போட்டுக் கேட்டேன். செல்லோ ஒரே சுரத்தில் நின்று நீள்கிறது; சாக்ஸபோன் அதன்மேல் மெல்ல இறங்குகிறது. தட்ட மறந்து நான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். முழுதாக ஒரு நிமிடம். மீரா சத்தமே போடவில்லை.

குழந்தையோடு போகிறவர்களுக்கு: கதவோரம் உட்காருங்கள், மைக் எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டு. திரும்ப ஆட்டோ கிடைப்பது கஷ்டம். கூட்டி வந்த ஆட்டோக்காரரையே இருக்கச் சொல்லுங்கள், காத்திருக்க 60 ரூபாய் கேட்பார். பால் புட்டியை ஒருமுறை பார்த்தால் போதும்.