நான்காவது தாங்கி

வேட்டைக்காலம் தொடங்க ஐந்து நாள்தான் இருந்தது. ரூடி ஹார்யு தன் வில்லையும், அதற்காக வாங்கிய நான்காவது தாங்கியையும் தூக்கிக்கொண்டு மார்வாவின் வில் கடைக்குள் நுழைந்தார். பின்னாலேயே அவருடைய மனைவியின் தம்பி வெர்ன் வந்தான்.

தாங்கி பெரிய சாமான் ஒன்றுமில்லை. நாணை இழுத்துப் பிடித்திருக்கும்போது அம்பு உட்கார்ந்திருக்கும் இடம், அவ்வளவுதான். அம்பு கிளம்பியதும் தானே கீழே விழுந்து வழிவிடுகிற வகை ஒன்று உண்டு. அம்பைச் சுற்றிலும் பிடித்துக்கொள்கிற, உள்ளே மயிர் வைத்த வளையம் இன்னொரு வகை. ரூடியிடம் விழுகிற வகையில் மூன்று ஏற்கெனவே வீட்டு மேஜைக்குள் கிடந்தன. மூன்றிலும் எந்தக் கோளாறும் இல்லை. அது அவருக்கு மட்டும் தெரியும்.

அவருக்கு வயது ஐம்பத்தெட்டு. இருபத்தேழு வயதிலிருந்து மரத்தடி லாரி ஓட்டுகிறார். காட்டிலிருந்து ஆலைக்கு, ஆலையிலிருந்து காட்டுக்கு. இளமையில் ஒரே ஒரு குளிர்காலம் டெட்ராய்ட் நகரத்தில் வேலை பார்த்துவிட்டு, மான் வேட்டை தொடங்குமுன் ஊர் திரும்பிவிட்டவர். லாரியில் ஏற்றிய சுமைமேல் சங்கிலியை வீசி இறுக்குவது வலது கை. முப்பத்தொரு வருடம் வீசியதில் வலது தோளுக்குள் தசைநார் பாதி கிழிந்துவிட்டது. டாக்டர் படம் காட்டிச் சொன்னதை அவர் வீட்டில்கூடச் சொல்லவில்லை.

சொல்ல முடியாததற்குக் காரணம் இருந்தது. ரூடி, வெர்ன், இன்னும் இரண்டு நண்பர்கள் என்று சேர்ந்து வேட்டையாடும் நான்கு பேருக்கும் காட்டுக்குள் ஒரு மரக்குடில். வேட்டைக்கு முந்தைய நாள், கூரை உத்தரத்தில் தொங்கும் தராசில் ஒவ்வொருவரும் தன் வில்லை மாட்டி இழுக்க வேண்டும். நாணை முழுசாக இழுக்க எத்தனை பவுண்டு ஆகிறது என்று கதவில் சாக்கட்டியால் எழுதுவார்கள். பத்தொன்பது வருடமாக ரூடியின் எண் எழுபது. அதற்கு மேல் யாரும் எழுதியதில்லை.

போன அக்டோபரில் அவர் மரத்தின் மேலிருந்து ஒரு ஆண் மானைக் குறிவைத்தார். மான் நின்றது, நகரவில்லை. இழுத்துப் பிடித்த தோள் நடுங்கித் தளர்ந்துவிட்டது. அம்பு வயிற்றில் பட்டது. நான்கு பேரும் இரண்டு நாள் தேடினார்கள். ரத்தத்துளிகள் சேற்றுக்காடு வரை போய், தண்ணீரில் காணாமல் போயின. “தாங்கி நேரத்துக்கு விழல” என்றார் ரூடி. அந்த ஒரு வாக்கியம் அவரைப் பிடித்துக்கொண்டது. தாங்கிதான் குற்றவாளி என்றால் புதிய தாங்கி வாங்கித்தானே ஆகவேண்டும்?

ஜூலையில் கார் கொட்டகையில் தனியாக நின்று, வில்லின் இரண்டு கைகளையும் இறுக்கும் போல்ட்டுகளைத் தளர்த்தி, இழுக்க வேண்டிய எடையைக் குறைத்தார். பாதியில் மனைவி வந்துவிட்டாள். எந்த போல்ட்டை எத்தனை சுற்று தளர்த்தினோம் என்ற எண்ணிக்கை தவறிப்போனது. அன்றிலிருந்து அம்பு நேராகப் போகவில்லை.

மார்வா புதிய தாங்கியைப் பொருத்தினாள். சட்டத்தில் விறைப்பாகக் கட்டிய காகிதத்துக்கு முன்னால் இரண்டு எட்டில் நின்று ரூடி அம்பு விட்டார். காகிதம் வட்டமாகத் துளைபடாமல் மேலும் கீழுமாக இரண்டு அங்குலம் கிழிந்தது. அம்பின் வால் தூக்கிக்கொண்டு போகிறது என்று அர்த்தம்.

“இந்தத் தாங்கியும் சரியில்ல போல” என்றார் ரூடி.

வெர்ன் நாற்காலியில் காலை நீட்டிச் சிரித்தான். “தாங்கிக்கே ஒரு கடை வைக்கலாம் இவரு. மார்வா, பேசாம எங்க அக்காவை மாத்திப் பாரு. அம்பு நேராப் போகும்.”

“உங்க அக்கா என் கடையில ஸ்டாக் இல்ல” என்றாள் மார்வா. தாங்கியை நூலளவு ஏற்றிப் பார்த்தாள், இறக்கிப் பார்த்தாள். கிழிசல் மாறவில்லை. கொஞ்ச நேரம் வில்லையே பார்த்தாள். பிறகு ஆறுமூலைச் சாவியை எடுத்து மேல் போல்ட்டை அடிவரை இறுக்கினாள், ஒவ்வொரு சுற்றையும் எண்ணிக்கொண்டே.

“மேல எட்டு” என்றாள். கீழ் போல்ட்டுக்குப் போனாள். “கீழ ஆறு.”

“அப்படின்னா?” என்றான் வெர்ன்.

மார்வா ரூடியை ஒரு தடவை ஏறிட்டுப் பார்த்தாள். “ரெண்டும் ஒண்ணா இல்ல. வசந்தத்துல நாண் மாத்தும்போது நான்தான் விட்டிருப்பேன். என் தப்பு. இப்ப ரெண்டும் முழுசா இறுகி எழுபதுல நிக்குது. அப்படியே வச்சிடட்டுமா, ரூடி?”

தான் தப்பிக்க அவள் வழிவிடுகிறாள் என்று அவருக்குப் புரிந்தது. தலையை ஆட்டினால் போதும். கதவில் எழுபது இருக்கும். ஆனால் விடியற்காலைப் பனியில் மரத்தின் மேல் அவரும் அந்த எழுபதும் தனியாக இருக்க வேண்டும். கீழே இன்னொரு மான் நிற்கும். அந்தத் தோளால் ஒருமுறை இழுக்கலாம், பிடித்து நிற்க முடியாது.

“வேணாம்” என்றார். “தளர்த்திடு. முன்ன இருந்த அளவுக்கே.”

“என்ன அளவு?”

“ஐம்பத்திரண்டு. நான்தான் குறைச்சேன். தோள் போயிடுச்சு.”

வெர்ன் பெரிதாகச் சிரித்தான். “ஐம்பத்திரண்டா! என் பொண்ணு வில்லுய்யா அது!” சிரிப்பு பாதியில் நின்றது. “இரு. எப்பலேர்ந்து தோள்?”

“போன வருஷமே.”

“அந்த மான்?”

“தாங்கி ஒழுங்காத்தான் விழுந்துச்சு, வெர்ன். என்னாலதான் பிடிச்சு நிக்க முடியல.”

“நீ சொன்னேன்னு, அதே மாதிரி இருந்த என் தாங்கியையும் கழட்டி ஏரியில எறிஞ்சேன்” என்றான் வெர்ன் மெதுவாக. “ரெண்டு நாள் முழங்கால் தண்ணியில நடந்தோம். அப்ப சொல்லியிருக்கலாம்ல? வாயில்லாத ஜீவன் எங்கயோ கெடந்து செத்திருக்கும்.” எழுந்து வெளியே போய்விட்டான்.

மார்வா சாவியை மறுபடி எடுத்தாள். இரண்டு போல்ட்டையும் சமமாக ஏழு சுற்றுத் தளர்த்தினாள். புதிய தாங்கியைக் கழற்றிவிட்டு மயிர் வளையத்தை வைத்தாள். “வேகம் கொஞ்சம் குறையும். ஆனா கை நடுங்கினாலும் அம்பு நழுவாது. முதல்லயே சொல்லியிருந்தா இதைத்தான் குடுத்திருப்பேன். எய்யற ஆளைப் பார்த்துத்தான் தாங்கி.”

ரூடி இழுத்தார். அவள் முப்பது எண்ணும்வரை பிடித்து நின்றார். காகிதத்தில் பென்சில் குத்தியதுபோல ஒரு துளை விழுந்தது.

“இருபது கஜம்” என்றாள் மார்வா. “அதுக்கு மேல விடாதே.”

வெளியே வெர்ன் வண்டியைக் கிளப்பி வைத்திருந்தான். ரூடி ஏறி, வில்லை முழங்கால்களுக்கு நடுவே வைத்துக்கொண்டார். வண்டி இரண்டு மைல் போயிருந்தது.

“மத்த ரெண்டு பேர்கிட்டயும் நீயே சொல்லு” என்றான் வெர்ன், சாலையைப் பார்த்தபடி. “நான் சொல்ல மாட்டேன்.”

“சொல்றேன்.”

வீடு போய்ச் சேர இன்னும் முப்பது மைல் இருந்தது.