பூதக்கண்ணாடி எழுதிய நம்பர்

தேர்தலைக் கண்காணிக்கிற அமைப்பில் என் மனைவியைப் பூதக்கண்ணாடி என்பார்கள். வீட்டில் அந்தப் பெயரை நான் ஒரே ஒரு தடவைதான் சொன்னேன். யார் சொல்லிக்கொடுத்தது என்று துருவி எடுத்துவிட்டாள். பால் பாக்கெட்டையே திருப்பித் திருப்பிப் பார்த்துத்தான் வாங்குகிறவள். ஆஸ்பத்திரி ரெக்கார்டு அறையில் லீவு போட்டுவிட்டு, சம்பளம் இல்லாத இந்த வேலைக்குப் பதினெட்டு வருஷமாகப் போகிறாள். அவள் குறிப்பு ஒருநாளும் தப்பியதில்லை. அதில் எனக்குப் பெருமையும் உண்டு, எரிச்சலும் உண்டு.

வாக்குப்பதிவு முடிந்ததும் பெட்டிக்கு பிளாஸ்டிக் சீல் மாட்டுவார்கள். அப்புறம் அதை அறுத்துத்தான் எடுக்க முடியும். சீலில் உள்ள நம்பரைச் சாவடி அதிகாரி படிவத்தில் எழுதுவார். இவள் அவர் எழுதியதைப் பார்க்காமல், சீலைத் தானே பார்த்துத் தன் நோட்டில் எழுத வேண்டும்.

இந்தத் தடவை அதிகாரியாக வந்தவர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். அவர் காலையிலிருந்து சிரித்த முகமாக இருந்ததே இவளுக்கு உறுத்தியது. போதாததற்கு, பெட்டியை மூடுகிற நேரத்தில் கதவோரம் ஒரு ஆள் பையோடு நின்றான். அவனை விட்டுக் கண்ணை எடுக்க இவளுக்கு மனசு வரவில்லை. கைக்குப் பக்கத்தில் இருந்த படிவத்தை ஓரக்கண்ணால் பார்த்து நம்பரை எழுதிக்கொண்டாள். அந்த ஆள் கடைசியில் வாத்தியாரை அழைத்துப்போக வந்த மச்சான்.

எண்ணுகிற அன்றைக்குப் பார்த்தால், படிவத்தில் ஒரு நம்பர், பெட்டியின் சீலில் வேறு நம்பர்.

"வேற சீலைப் பாத்து எழுதிட்டேன் போல சார்" என்றார் வாத்தியார்.

"நீங்க மட்டும்னா கைத்தவறுன்னு விட்டிருப்பேன். மேடம் நோட்டுலயும் அதே நம்பர்தானே இருக்கு? தனித்தனியா பாத்து எழுதின ரெண்டு பேரும் ஒரே மாதிரியா தப்பு பண்ணுவாங்க? நடுவுல சீலை மாத்தியிருக்காங்க" என்றார் எண்ணிக்கை அதிகாரி. பெட்டியை ஒதுக்கச் சொன்னார். அறுநூறு பேரின் ஓட்டு அதோடு போயிருக்கும். வாத்தியார் போலீசுக்குப் போயிருப்பார். சுற்றி நின்றவர்கள் இவளைத்தான் மெச்சிப் பார்த்தார்களாம்.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். நானாக இருந்தால் இருந்திருப்பேன், உள்ளதைச் சொல்கிறேன்.

"சார், நான் சீலைப் பாக்கல. அவர் பாரத்தைப் பாத்துதான் எழுதினேன்" என்று சொல்லிவிட்டாள்.

அதற்குப் பிறகுதான் சாவடியிலிருந்து திரும்பி வந்த மிச்ச சீல்கள் இருந்த கவரைப் பிரித்தார்கள். படிவத்தில் எழுதியிருந்த நம்பர் சீல், மாட்டப்படாமல் அதற்குள்ளேயே கிடந்தது. பெட்டி மேசைக்குத் திரும்பியது. வாத்தியார் கையெடுத்துக் கும்பிட்டார். இவளுக்கு அவர்மேல் இன்னும் கோபம் போகவில்லை.

எண்ணிக்கை அதிகாரி இவள் பக்கம் திரும்பினார். "இதுக்கு முன்னாடி எத்தனை பெட்டிக்கு இப்படி எழுதினீங்க?"

"இது ஒண்ணுதான் சார்."

அவர் நோட்டை வாங்கி ஒரு உறையில் போட்டு ஒட்டிவிட்டார்.

வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் எல்லாவற்றையும் சொன்னாள். பிறகு, "நீங்களாவது நம்புறீங்களா?" என்று கேட்டாள்.

"நம்புறேன்" என்றேன். அதற்கு முன்னால் ஒரு நொடி யோசித்துவிட்டேன். வேறு யாராக இருந்தாலும் அதைக் கவனித்திருக்க மாட்டார்கள்.