ஸ்பிரிங் செட் ஆகட்டும்

மாஸ்டரிடம் வண்டி விட்டவர்களுக்கு ஒன்று தெரியும். தலைகீழாக நின்றாலும் அவர் சொன்ன நாளுக்கு முன்னால் வண்டி வெளியே வராது. கம்பெனி ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டுக் குட்டை ஸ்பிரிங் போட்டு, காரைத் தரையோடு தரையாக உட்காரவைப்பதுதான் அவர் தொழில். மாட்டுவது அரை நாள் வேலை. அதற்கப்புறம்தான் கூத்து. புது ஸ்பிரிங் ஐந்நூறு கிலோமீட்டராவது ஓடிப் படிய வேண்டும். பட்டறையில் அதைச் 'செட் ஆவது' என்பார்கள். செட் ஆனபின் உயரத்தை அளந்து, சக்கரங்கள் நேராக நிற்க அலைன்மென்ட் பார்த்தால்தான் அவருக்கு வேலை முடிந்த மாதிரி. மற்றவர்கள் மாட்டிய கையோடு சாவியை நீட்டிவிடுவார்கள். இவரா? தன் கல்யாணத்துக்கே போக வேண்டும் என்று கெஞ்சிய மாப்பிள்ளையை பஸ்ஸில் ஏற்றி அனுப்பிய மகானுபாவர்!

முப்பது வருஷமாக இளவட்டங்களின் பந்தாவுக்குத்தான் வண்டிகளை இறக்கினார். முதன்முதலாகத் தேவைக்கென்று இறக்கியது வீட்டு வண்டியை. மனைவிக்கு இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆனதிலிருந்து வலது கால் ஒரு சாணுக்கு மேல் எழும்பாது. வண்டியோ நல்ல உயரம். யாராவது தூக்கி உள்ளே வைக்கலாம் என்றால் அந்த அம்மாள் ஒப்புக்கொள்ள வேண்டுமே.

"நான் என்ன சிமெண்டு மூட்டையா? தொட்டீங்கன்னா தெரியும் சேதி."

போக வேண்டியது அக்கா வீட்டுக்கு. நாலு மணி நேரப் பயணம். தாய் இல்லாத தங்கைக்குத் தலை பின்னி, சோறூட்டி வளர்த்தது அந்த அக்காதான். இப்போது படுத்த படுக்கை. போனைக் காதில் வைத்தால் மூச்சு மட்டும் கேட்கும். தங்கை அந்த மூச்சோடு பேசிக்கொண்டிருப்பாள்.

அக்கா மகன் ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டான். "சித்தப்பா, அம்மா சித்தியவே தேடுறாங்க. சீக்கிரம் கூட்டிட்டு வந்துடுங்க."

மறுநாளே ஸ்பிரிங் மாட்டியாகிவிட்டது. சாயங்காலமே மனைவி மாற்றுத்துணியைப் பையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

மாஸ்டர் ஸ்கேலை வைத்து அளந்தார். "இன்னும் அரை இன்ச் ஒசரமா நிக்குது. செட் ஆகட்டும். நாலே நாள்."

"அப்ப வாடகைக்கு ஒரு சின்ன வண்டி பிடிங்களேன். குனிஞ்சு உக்காந்துக்கிறேன்."

"ஊர்ல இருக்கிற வண்டியெல்லாம் இறக்கிக் குடுத்தவன் நான். என் பொண்டாட்டி வாடகை வண்டியில போய் இறங்கணுமா?"

அவளுக்கும் அதில் கொஞ்சம் பெருமை வந்துவிட்டது. பாவி மனுஷி, பேச்சை அங்கேயே விட்டுவிட்டாள்.

தினமும் மத்தியானம் பட்டறையைப் பூட்டிவிட்டு வண்டியை ஓட்டினார். மனைவியின் எடைக்கு மண் மூட்டைகளை முன் சீட்டில் அடுக்கி, பெல்ட்டும் போட்டுவிட்டார். அவள் உட்காரும்போது வண்டி எப்படி நிற்கும் என்று பார்க்க வேண்டுமாம். ஜன்னலிலிருந்து அவள் சிரித்தாள். "எனக்கு முன்னாடி இது ஊர் சுத்துது பாருங்க, மகாராணி!"

வெள்ளிக்கிழமை அளவு சரியாக வந்தது. சனிக்கிழமை காலையில் அலைன்மென்ட்டை முடித்துக்கொண்டு, தெருமுனையிலிருந்தே ஹாரன் அடித்தபடி வந்தார். இத்தனை வருஷத்தில் இப்படி ஒரு வேலை செய்ததில்லை என்று அவருக்குள் ஒரே குஷி.

மனைவி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். போன் மடியில் கிடந்தது.

"அக்கா போயிட்டாங்க. இப்பத்தான் பையன் சொன்னான்."

 மாஸ்டர் ஓடிப்போய் மண் மூட்டைகளை இறக்கி, சீட்டைத் துடைத்தார். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தார்.

அவள் கம்பை ஊன்றி நடந்து வந்தாள். முதுகைக் காட்டித் திரும்பி, சீட்டில் உட்கார்ந்து, ஒவ்வொரு காலாக உள்ளே எடுத்து வைத்துக்கொண்டாள். யார் கையும் தேவைப்படவில்லை.

வண்டி ஊர் எல்லையைத் தாண்டியது. பிறகு கேட்டாள்.

"ஏங்க, திங்கக்கிழமையே நான் இதுல ஏறியிருக்க முடியுமா?"

முடியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஸ்பிரிங்கைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும்? ஆனால் வேலை விஷயத்தில் பொய் சொல்லிப் பழகாத நாக்கு அது.

"ஏறியிருக்கலாம்."

"வண்டி அவ்வளவு தூரம் ஓடியிருக்குமா?"

"ஓடியிருக்கும். டயர்தான் கொஞ்சம் தேஞ்சிருக்கும்."

 அவள் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பார். வண்டியை ஓரங்கட்டி, ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார் மனுஷன். பெற்ற தாய் செத்தபோதுகூட அப்படி அழுததில்லை. லாரிகள் ஹாரன் அடித்துக்கொண்டே கடந்து போயின.

மனைவி அழவில்லை. அவர் முதுகைத் தடவிக் கொடுக்கவும் இல்லை. எதிரே ரோட்டையே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

"வண்டிய எடுங்க. தூக்குறதுக்கு முன்னாடியாவது மூஞ்சியப் பாத்துடுறேன்."