அப்பாவுக்கு வைத்த சோறும் சூட்டுக்குத் தப்பிய சேவலும்

கிரின்ஸ்டெட்டில் காகத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஒன்றாவது நான் வைக்கிற சோற்றை மதித்து வந்ததில்லை. வயல்காரர்கள் சுட்டுச் சுட்டுப் பழக்கியதில், ஒரு கை அசைந்தாலே அவை அடுத்த ஊருக்குப் பறந்துவிடும். சனிக்கிழமை விரதத்துக்கு நான் வைக்கிற சோறு திங்கட்கிழமை வரை வேலியோரம் உறைந்து கிடக்கும். சனி பகவான் இத்தனை வருடமாக என்னை விடாமல் பிடித்திருந்தால், அதற்கு டென்மார்க் காகங்களும் கொஞ்சம் பொறுப்பு.

இந்த வருடம் மாசி தொடக்கத்தில் சோறு காணாமல் போகத் தொடங்கியது. குசினி யன்னலால் பார்த்தேன். காகமல்ல, ஒரு ஃபசான். எங்கள் ஊர்க் காட்டுச்சேவலைப் பணக்கார வீட்டில் வளர்த்தால் இப்படித்தான் இருக்கும். செம்பு நிற மார்பு, சிவந்த முகம், கழுத்தில் வெள்ளை வளையம், ஒரு முழ வால். வால் மட்டும் பாதியில் முறிந்திருந்தது.

"உது நல்ல கறிக்கு வரும்," என்றார் இவர். "மிளகு தூக்கலாப் போட்டு ஒரு பிரட்டல் பிரட்டலாம்."

பக்கத்து வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற மெக்கானிக், வேட்டைக்காரர். அவரிடம் கேட்டேன். தை மாதத்தோடு வேட்டை முடிந்துவிட்டது, இது மிச்சம் என்றார். முட்டையை மெஷினில் பொரிக்கவைத்து, கம்பி வலைக்குள் தீனி போட்டு வளர்த்து, கோடையில் காட்டில் விடுவார்களாம். பிறகு பச்சைக் கோட்டு மாட்டிக்கொண்டு, காலையிலேயே ஒரு மிடறு விட்டுக்கொண்டு போய் அதையே சுடுவார்களாம். சீசன் முடிந்ததும் காட்டில் வைத்த தீனிப் பீப்பாயைச் சிலர் நிரப்புவார்கள், சிலர் மறந்துவிடுவார்கள்.

"மிஞ்சினதுகள் என்ன செய்யும்?" என்று கேட்டேன்.

"மனிதன் வந்தால் சாப்பாடு வரும் என்பதுதான் அவற்றுக்குத் தெரியும். அதனால் ரோட்டுக்கு வரும். நரி கொஞ்சம் தின்னும். மற்றதைக் கார் முடித்துவிடும்."

பங்குனி பிறந்ததும் சேவலுக்குத் திமிர் ஏறியது. என்னை ஒன்றும் செய்யாது. தபால்காரப் பெண்ணையும் ஒன்றும் செய்யாது. இவர் பேக்டரிக்குப் போகக் கதவைத் திறந்தால் மட்டும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஓடிவந்து, முழங்காலுக்குக் கீழே பாய்ந்து பாய்ந்து அடிக்கும். மூன்றாம் நாள் இவர் நொண்டிக்கொண்டு உள்ளே வந்தார்.

"கொப்பர் வந்திட்டார்," என்றார்.

வயிறு நோகச் சிரித்தேன். அப்பாவும் அதே நடைதான். சோற்றை வாயில் வைக்கமுதல் தலையைச் சரித்து ஒரு பார்வை பார்ப்பார், அதுவும் அப்படியே. இவரை நான் கட்டியது அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. இருபத்தாறு வருடம் இவரோடு ஒரு வார்த்தை கதைக்கவில்லை. ஊருக்குப் போனால் நான் வீட்டிலும் இவர் டவுன் லொட்ஜிலும் தங்குவோம்.

சிரித்து முடிந்ததும் பயம் பிடித்தது. அப்பாவின் செத்தவீட்டுக்கு நான் போகவில்லை. நான் வேலை செய்கிற முதியோர் இல்லத்தில் லீவு தரவில்லை என்று அம்மாவுக்குச் சொன்னேன். பொய். லீவு இருந்தது, டிக்கெட்டும் இருந்தது. கடைசியாகப் போனில் கதைத்தபோது அப்பா, "இன்னும் அவனோடதான் இருக்கிறியோ?" என்று கேட்டிருந்தார். அந்தக் கோபத்தில் போகவில்லை. பங்குனிக் கடைசியில் அப்பா போய் ஒரு வருடம், ஆட்டைத் திவசம். அன்று வைக்கிற சோற்றை ஏதாவது ஒன்று வந்து தொட்டால், அப்பா என்னை மன்னித்துவிட்டார் என்று நினைத்துக்கொள்ளலாம். மடத்தனம்தான். ஆனாலும் அது எனக்கு வேண்டியிருந்தது.

அம்மாவுக்கு வீடியோ கோலில் சேவலைக் காட்டினேன். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தா.

"அது கொப்பர் இல்லையடி. உப்புக் காணாது எண்டு சொல்லாமல் அந்த மனுசன் ஒருநாளாவது திண்டவரே?"

என் மனம் கேட்கவில்லை. திவசம் வரைக்கும் அது உயிரோடு இருந்தாக வேண்டும். காலையும் மாலையும் சோறு வைத்தேன். காரைப் பின்னால் எடுக்கும்போது பார்த்து எடுக்கச் சொன்னேன். கையில் தடி வைத்திருக்கலாம், அடிக்கக் கூடாது என்று இவருக்குச் சட்டம் போட்டேன்.

"நான் வேலைக்குப் போறதோ, கொப்பரோட மல்லுக் கட்டுறதோ?" என்றார். ஆனால் அடிக்கவில்லை.

திவசத்தன்று பூசணிக்காய், வாழைக்காய், வடை, பாயாசம் எல்லாம் விடியவே சமைத்தேன். பிரெடெரிசியாவில் வாங்கிவந்த வாழையிலையில் படைத்து, சேலைக்கு மேல் குளிர் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு புல்லில் வைத்தேன். சேவல் வரவில்லை. கா, கா என்று கூப்பிட்டேன். அதற்கு என்ன பாஷை தெரியுமோ என்று டேனிஷிலும் கூப்பிட்டேன். மத்தியானம் தாண்டிவிட்டது. படையலை எதுவும் தொடாமல் நாங்கள் சாப்பிட முடியாது. இவருக்குச் சர்க்கரை வேறு. கார்ச் சாவியை எடுத்தார்.

"வா, தேடிப் பாப்பம்."

வயல் ரோட்டில் சைக்கிள் வேகத்தில் போனோம். ஓரமெல்லாம் செத்த ஃபசான்கள். வேட்டியும் பூட்ஸுமாக இவர் ஒவ்வொன்றுக்கும் இறங்கி, காலால் மெல்லப் புரட்டிப் பார்த்தார்.

"வால் முழுசாக் கிடக்கு. இது அவரில்லை."

அடுத்தது பேடு. மூன்றாவதும் இல்லை. நான்காவதன் மேல் எத்தனை டயர் ஏறியதோ, வால் எது, தலை எது என்று தெரியவில்லை. இவர் கனநேரம் குனிந்து நின்றார்.

"சொல்லேலாது," என்றார்.

அப்போதுதான் அழுதேன். ஒரு வருடத்து அழுகை, ஊரே கேட்கிற மாதிரி. லீவு இருந்தது, பொய் சொன்னேன், பெற்ற தகப்பனுக்குக் கொள்ளியின்போதுகூடப் போகாத நாய் நான் என்று மூக்கும் கண்ணும் ஒழுகச் சொன்னேன்.

"தெரியும்," என்றார். "எனக்காண்டித்தான் போகேல்லை எண்டும் தெரியும். காரில ஏறு."

வீட்டுக்கு வந்தோம். இலை வைத்த இடத்தில் அப்படியே இருந்தது, பாயாசம் தோல் கட்டியிருந்தது. வேலிக்கு அப்பால் பக்கத்து வீட்டுக்காரர் ஏதோ பூசை என்று தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். இவர் இலையை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வயல் கரைக்குப் போனார். வரம்பில் வைத்தார். நிமிர்ந்து, ஒருவருமில்லாத வயலைப் பார்த்துத் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மாமா," என்றார். "வாங்கோ. வந்து சாப்பிடுங்கோ."

அப்பாவின் வீட்டு வாசல் படலையில் இவர் இரண்டு தரம் போய் நின்றிருக்கிறார். ஒருவரும் இவரை வாங்கோ என்று சொன்னதில்லை.