இரைச்சலை அடக்கிய மாதங்கள்

கூலாய் நகருக்குப் பக்கத்துக் குன்றில் எங்கள் அமெச்சூர் ரேடியோ நண்பர்களுக்கு ஒரு ரிப்பீட்டர் இருக்கிறது. தொலைவிலிருந்து வரும் மெல்லிய குரலை வாங்கி, பலமாக்கித் திரும்ப அனுப்பும் பெட்டி. அதைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. மனைவி இறந்தபின் எனக்கென்று மிஞ்சிய ஒரே வேலையும் அதுதான்.

காலை ஏழு மணிக்கு ஆறேழு பேர் பேசுவோம். “ஒரே இரைச்சல் லா, காது வலிக்குது” என்று சிலர் குறைபட்டுக்கொண்டே இருந்தார்கள். ஒருநாள் குன்றேறி, ஸ்குவெல்ச் என்ற இரைச்சல் தடுப்பை இறுக்கி வைத்தேன். இறுக்கினால் இரைச்சல் உள்ளே நுழையாது. “இப்பதான் போன்ல பேசுற மாதிரி இருக்கு” என்றார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது.

மூன்று மாதம் கழித்து ஒரு கல்யாணத்துக்காக பண்டார் தெங்காரா போனேன். செம்பனைக் காட்டோரம் காரை நிறுத்தி, கையடக்க ரேடியோ செட்டில் கூப்பிட்டுப் பார்த்தேன். மூன்று முறை கூப்பிட்டும் ரிப்பீட்டர் திறக்கவில்லை; இரைச்சலோடு சேர்த்து மெல்லிய குரல்களையும் நான் அடைத்துவைத்திருந்தேன். அப்போதுதான் அந்த ஊரிலிருந்து பேசும் ஒருவர் நினைவுக்கு வந்தார். ஓய்வுபெற்ற லாரி ஓட்டுநர். அவரிடமும் இதே மாதிரி சின்ன செட்தான். குரல் இரைச்சலோடு சேர்ந்துதான் வரும். அவர் பேச்சைக் கடைசியாக எப்போது கேட்டேன் என்று யோசித்தேன். நினைவில்லை.

கோயிலுக்குப் பின்னால் மூன்றாவது வீடு என்று எப்போதோ சொல்லியிருந்தார். முன்பின் பார்த்ததில்லை என்றாலும், கதவைத் திறந்தவர் என் குரலை வைத்தே கண்டுகொண்டார். சமையலறை மேசையில் செட் ஓடிக்கொண்டிருந்தது.

“தினமும் கேக்குறீங்களா அண்ணே?”

“கேக்காம? நீங்க பல்லு புடுங்குனது வரைக்கும் தெரியும். நானும் தினமும் வணக்கம் சொல்லிப் பாத்தேன். செட்டு கெட்டுப்போச்சு போலன்னு விட்டுட்டேன்.”

“ஒரு போன் பண்ணியிருக்கலாமே?”

தேநீரை ஆற்றிக்கொண்டே சொன்னார்: “ஆள காணோமேன்னு யாராச்சும் கேப்பீங்க, அப்ப பண்ணலாம்னு இருந்தேன். யாரும் கேக்கல.”

அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. மூன்று மாதமும் இந்த மேசையில் உட்கார்ந்து எங்கள் சிரிப்பையெல்லாம் கேட்டிருக்கிறார்.

மறுநாளே போய் ஸ்குவெல்ச்சைத் தளர்த்தினேன். இரைச்சல் திரும்பியது. காரணத்தைச் சொல்லிப் பார்த்தும் கேட்காமல் நான்கு பேர் வேறு ரிப்பீட்டருக்குப் போய்விட்டார்கள்.

இப்போது பல காலைகளில் நானும் பண்டார் தெங்காரா அண்ணனும் மட்டும்தான். மழை, முட்டிவலி, என்ன சமையல் என்பதோடு பேச்சு பத்து நிமிடத்தில் தீர்ந்துவிடும்.

“அப்புறம்?” என்பார் அவர்.

“நீங்கதான் சொல்லணும் அண்ணே” என்பேன்.

செட்டை அணைக்கலாம் என்று இருவருமே முதலில் சொல்வதில்லை.