எலுமிச்சம்பழம் தடுத்த கார்

மலேசியாவில், அலோர் காஜாவில் ஒரு இடைநிலைப்பள்ளியில் பௌதிகம் கற்றுக்கொடுக்கிறேன். நிற்கும் பொருள் நிற்கவே பார்க்கும், ஓடும் பொருள் ஓடவே பார்க்கும் என்று முதல் விதியைத் தொண்டை கிழியக் கத்துகிறவளுக்கு, வீடு இருக்கும் புக்கிட் ரம்பாயிலிருந்து பள்ளிக்குப் போக மட்டும் கணவரின் தயவு வேண்டும். அவரோ நிற்கும் பொருள். காப்பி குடித்து, சட்டை தேடி, மனுஷன் கிளம்புவதற்குள் பள்ளியில் மணி அடித்துவிடும்.

ஒருவழியாக லைசென்ஸ் எடுத்தேன். புதுக் காரும் வந்தது. கோயிலில் பூசை போடும்போது ஒழுங்காக ஓட்டிக் காட்டினால் மறுநாளிலிருந்து சாவி எனக்கு என்று வாக்குக் கொடுத்தார்.

பூசாரி நான்கு சக்கரங்களுக்கும் முன்னால் எலுமிச்சம்பழம் வைத்தார். திருநீற்றுத் தட்டை உள்ளே, முன்கண்ணாடிக்குக் கீழே வைத்தார். "கோயில் வாசல்லதானே லா, எதுக்கு பெல்ட்டு?" என்று பக்கத்தில் உட்கார்ந்த கணவரை முறைத்து பெல்ட் போடவைத்தேன்.

எண்ணெய்க் கட்டையை மிதித்தேன். கார் உறுமியதே தவிர அசையவில்லை.

"பழம் தடுக்குது. நல்லா அமுக்கு" என்றார்.

விசையைப் பற்றி வருஷக்கணக்காகப் பாடம் நடத்துகிறவள், ஒரு எலுமிச்சம்பழம் காரையே நிறுத்தும் என்று நம்பினேன் பாருங்கள். இன்னும் மிதித்தேன். அப்போதுதான் கைபிரேக் கண்ணில் பட்டது. மிதித்த காலை எடுக்காமலே அதை இறக்கிவிட்டேன்.

கார் பாய்ந்தது. பூசாரி வேட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். தட்டுக்கு மட்டும் கிளம்ப மனசில்லை. இருந்த இடத்திலேயே இருக்கப் பார்த்து, மொத்தத் திருநீற்றையும் என் கணவர் முகத்தில் கொட்டியது. பதறிப்போய் பிரேக்கை மிதித்தேன். கார் நின்றது, அவர் நிற்கவில்லை. பெல்ட்தான் பிடித்து இழுத்தது.

"முதல் விதி" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது. அப்புறம் சிரிப்பை அடக்க முடியவில்லை. வெள்ளை முகத்தில் கண் மட்டும் முழிக்க அவர் உட்கார்ந்திருந்ததைப் பார்க்கப் பார்க்க வயிறு வலித்தது. சிரிக்கும்போதே பக்கென்றது. சாவி போச்சு. இனி ஆயுசு முழுக்க அந்தக் காப்பி ஆறக் காத்திருக்க வேண்டியதுதான்.

அவர் முகத்தைத் துடைத்தார். கார் எஞ்சினை அணைத்துச் சாவிக்கொத்தை எடுத்தார்.

"நாளைக்கு நீயே ஓட்டிட்டுப் போ."

"பயமா இல்லையா?"

"உன் பக்கத்துல உக்காந்தாதான் பயம். நான் பஸ்ஸுல போய்க்கிறேன்."

வளையத்திலிருந்து வீட்டுச் சாவியை மட்டும் கழற்றிக்கொண்டு, மிச்சத்தை என் மடியில் போட்டார்.