நிமலன் காட்டிய வீடு

ஓக்லாந்து நகரின் மேற்கே, ரானுயியில், கஜானி வாடகைக்கு இருந்த வீட்டில் சத்தம் என்பதே கிடையாது. கதிரைக் கால்களுக்கெல்லாம் கம்பளித் துண்டு ஒட்டியிருப்பாள். கதவுப் பிணைச்சல்களுக்கு மாதா மாதம் எண்ணெய். விசில் அடிக்கும் குக்கரை வீட்டுக்குள் எடுக்கவே மாட்டாள். பருப்பைச் சட்டியில் வைத்துப் பொறுமையாக அவிப்பாள். பழைய போர்வைகளை உள்ளே கொடுத்து அவளே தைத்த திரைச்சீலைகள் தூக்க முடியாத கனம்.

வருகிறவர்கள் எல்லாம் என்ன அமைதியான வீடு என்று மூக்கில் விரல் வைப்பார்கள். அழகுக்காக வந்த அமைதியா அது? அவள் கணவன் நிமலன் வன்னியில் ஷெல்லடிக்குள் கிடந்து தப்பி வந்தவன். முந்தின வீட்டில், நவம்பரில் வெள்ளைக்காரர் கொண்டாடும் 'கை ஃபோக்ஸ்' இரவின் வெடிகள் கேட்டால் கட்டிலுக்குக் கீழே போய்விடுவான். மறுநாள் சாப்பாட்டுக்கும் வரமாட்டான். இந்த வீட்டில்தான் மனுசன் நித்திரை கொள்ளப் பழகினான், பிறகு சிரிக்கவும்.

வீட்டுக்காரர் சபாரத்தினம் ஊர் ஆள்தான். அந்தப் பெருமையை அவரே வைத்துக்கொள்ளட்டும்.

"விக்கப்போறன் பிள்ளை. இந்தக் கோடைக்குள்ள ஆரும் எடுக்காட்டி நீங்களே இருங்கோ. வீட்டை இப்பிடியே வச்சிரும், நல்ல வடிவா இருக்கு."

கஜானி நிமலனிடம் மூச்சு விடவில்லை. சொன்னால் பழையபடி கட்டிலுக்குக் கீழே போய்விடுவான் என்று பயம். வீடு விற்காவிட்டால் சொல்லவே தேவையில்லையே. வாங்க நினைப்பவர்கள் வந்து வீட்டைச் சுற்றிப் பார்க்கும் ஓபன் ஹோம் நடக்கும் சனிக்கிழமை காலையிலேயே ஒரு சட்டி கருவாட்டைப் பொரித்தாள். யன்னல்களை இறுக்கிச் சாத்தினாள். கதிரைக் கால் துண்டுகளைப் பிய்த்து எறியத்தான் கை வரவில்லை.

"சபாரத்தினம் அண்ணையின்ர ஆக்கள் சும்மா வீடு பாக்க வருகினம்" என்று அவனிடம் சொல்லிவிட்டுக் கடைக்குப் போனாள். ஆட்களைக் கண்டால் அவன் உள் அறைக்குள் ஒளிந்துகொள்வான் என்று நம்பிப் போனாள், பாவி.

திரும்பி வந்தபோது யன்னல்கள் திறந்து கிடந்தன. நிறைமாத மனைவியோடு நின்ற ஒரு வெள்ளைக்காரப் பையனுக்கு நிமலன் கதவைத் திறந்து திறந்து சாத்திக் காட்டிக்கொண்டிருந்தான், தெரிந்த இங்கிலீஷ் முழுவதையும் செலவழித்து.

அவர்கள் போனதும் சொன்னான்: "கருவாட்டு மணத்துக்கு அவை திரும்பிப் போகப் பாத்தவை. நான்தான் மறிச்சு, நீர் செய்ததெல்லாம் ஒண்டொண்டாக் காட்டினனான். நல்லாப் பிடிச்சிட்டுது அவைக்கு."

இந்த நாட்டுக்கு வந்தபிறகு அந்நியரோடு அவன் கதைத்தது அதுதான் முதல் தடவை. அந்தச் சந்தோசத்தைக்கூட அனுபவிக்க அவளுக்குக் கொடுத்துவைக்கவில்லை.

அடுத்த கிழமை சபாரத்தினம் பல்லெல்லாம் தெரிய வந்தார்.

"உம்மட மனுசனாலதான் பிள்ளை வீடு வித்துது. பிறக்கப்போற குழந்தை நித்திரை கொள்ள அமைதியான இடம் வேணுமாம் அவைக்கு. நீங்கள் போகேக்க அந்தத் திரைச்சீலையளை விட்டிட்டுப் போங்கோ, ஆசையாக் கேக்கினம்."

அவருக்குத் தேத்தண்ணி கொண்டுவந்த நிமலன் கோப்பையோடு நின்றான்.

"எங்க போறம், கஜானி?"

அவன் கோப்பையை மெதுவாக மேசையில் வைத்தான். உள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். அவள் எண்ணெய் விட்டு வைத்த கதவு, சத்தமே வரவில்லை.